கண்டிஷன் ஏழு

மொட்டை மாடியில் கேஷவ் செத்துக் கிடந்தான்.

அஸ்தினாபுரத்தில் ஆளில்லாத வீடு. பின்மண்டையில் ஒரே அடி... காலை பத்தே காலுக்கு அலறல் கேட்டதாக எதிர் வீட்டு பச்சையம்மா சொன்னாள்.

பகல் ஒரு மணிக்கு சத்தியநாதன் ஸ்டேஷனில் இருந்தார்.

"செத்தவன் நீங்க கார் வாங்கின ஷோரூம்ல சர்வீஸ் அட்வைசர்," என்றாள் இன்ஸ்பெக்டர் ஏஞ்சல். "நேத்து அவன்கிட்ட 'உன்னை சும்மா விடமாட்டேன்'னு கத்தியிருக்கீங்க. ஏன்?"

"கார் குலுங்குது மேடம். கியர்பாக்ஸ் போயிருந்தா எக்ஸ்டென்டட் வாரன்டியில ஃப்ரீ. க்ளட்ச் பிளேட்னா தேய்மானம், காசு நாமதான். அவன் க்ளட்ச்சுன்னு சாதிச்சான்."

"அதுக்கு ஆள் வச்சுத் தூக்கிட்டீங்களா?"

"வாரன்டிக்கே முப்பத்தெட்டாயிரம் கட்டியிருக்கேன். ஆள் வைக்க எங்க போறது?"

"பத்தே காலுக்கு எங்கே இருந்தீங்க?"

சத்தியநாதனால் உண்மையைச் சொல்ல முடியாது.

கொலை நடந்த அதே தெருவில், அயூப்பின் மெக்கானிக் ஷெட்டில் இருந்தார். கோளாறு கியர்பாக்ஸில்தான் என்று உறுதிசெய்ய, அதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளி ஆள் கை வைத்தால் வாரன்டி காலி என்கிற ஏழாவது கண்டிஷன் அவருக்கு மனப்பாடம்.

"கம்முனு இரு சார். பாத்துட்டு மூடிட்டா எவனுக்குத் தெரியும்?" என்றிருந்தான் அயூப்.

"உங்க செல் டவர் அஸ்தினாபுரம் காட்டுது," என்றாள் ஏஞ்சல்.

"கோயிலுக்குப் போனேன்."

"எந்தக் கோயில்?"

"சாத்தியிருந்தது."

"தூக்குல தொங்கணுமா சார்?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். வாரன்டி முடிய இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

மேஜைமேல் அவருடைய செல் சிணுங்கியது. ஏஞ்சல் எடுத்துப் படித்தாள்.

"மெயில். உங்க க்ளெய்ம் ரிஜெக்ட். காரணம், கண்டிஷன் ஏழு. அனுப்பினது சர்வீஸ் மேனேஜர் பிரிட்டோ. போட்டோவும் வச்சிருக்கான்."

கழற்றிய கியர்பாக்ஸ். குனிந்திருக்கும் அயூப். டார்ச் பிடித்தபடி சத்தியநாதன். நேரம் பத்து பதினாறு.

"போச்சு..." சத்தியநாதன் தலையில் கை வைத்தார்.

"தப்பிச்சீங்க சார்."

ஏஞ்சல் போட்டோவைப் பெரிதாக்கினாள். மாடியிலிருந்து எடுத்தது. ஓரத்தில் கைப்பிடிச் சுவர். அதன்மேல் துருப்பிடித்த டிஷ் ஆன்டெனா.

காலையில் பிணத்தின் தலைமாட்டில் அவள் பார்த்த அதே ஆன்டெனா!

"ஷோரூமை விட்டு நகரவே இல்லைன்னு இந்த பிரிட்டோ எழுதிக் கொடுத்திருக்கானே..."

நான்கு மணிக்கு பிரிட்டோ ஒப்புக்கொண்டான். பழைய பார்ட்ஸை மாட்டிவிட்டு, புதுசு என்று வாரன்டி கணக்கில் எழுதியிருந்தான். கேஷவ் கண்டுபிடித்ததும், பேசலாம் என்று அந்த வீட்டு மாடிக்கு அழைத்துப் போய் அடித்துவிட்டான்.

"அடிச்சுப் போட்டுட்டு ஓடாம, போட்டோ எதுக்குடா எடுத்தே?"

"எட்டிப் பாத்தேன் மேடம். நம்ம கஸ்டமர் கார்... வெளி மெக்கானிக் கியர்பாக்ஸைக் கழட்டிக்கினு இருந்தான். பதினாறு வருஷ சர்வீஸ். கை தானா போயிடுச்சு."

ஸ்டேஷன் வாசலில் சத்தியநாதன் இன்னும் நின்றிருந்தார்.

"மேடம், கொலைகாரன் ரிஜெக்ட் பண்ணது செல்லாதுதானே?"

"அந்த போட்டோ செல்லாதுன்னு சொல்றீங்களா சார்?" நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஏஞ்சல். "அப்போ உள்ளே வந்து உட்காருங்க."