பறவை மட்டும் மாறும்

லியான்சின் பல்லக்கிலிருந்து இறங்கியபோது சீனத்து ஷாவ்சிங் நகரில் மழை பெய்துகொண்டிருந்தது. நீதி அலுவலகத்தின் பின்கட்டில்தான் அதிகாரி பானின் வீடு. உள்ளே கற்பூர வாசமும் ஈரச் சுவரின் வாசமும் இருந்தன.

அவள் பானுக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவியின் சவப்பெட்டி இன்னும் சொந்த ஊருக்குப் போகவில்லை. ஆற்றங்கரைக் கோயிலில் வைத்திருந்தார்கள்.

பான் ஏழாம் படியிலிருந்து ஆறாம் படிக்கு உயர்ந்திருந்தார்; எண் குறையக் குறையப் பதவி பெரிது. அங்கியின் மார்பில் தைக்கும் பதவிச் சின்னத்தில் ஜோடி வாத்து போய் வெண்கொக்கு வந்திருந்தது. மனைவிக்கும் அதே பறவைதான். ஆனால் அருகருகே உட்கார்ந்தால் அவருடைய கொக்கு அவளைப் பார்க்கும், அவளுடையது அவரைப் பார்க்கும். அப்படி உட்கார்ந்து படம் எழுதிக்கொள்ள ஓவியரை வரச் சொல்லியிருந்தார்.

வேலைக்காரி சோவ் பெட்டியிலிருந்து அப்படியொரு சதுரப் பட்டுத் துண்டை எடுத்தாள். அதில் சூரியன், மேகம், அலைகள். நடுவில் பறவை இல்லை. வாத்தைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருந்தது. அதன்மேல் புதுக் கொக்கை வைத்துத் தைத்தாள்.

யாருடையது என்று லியான்சின் கேட்டாள். இறந்துபோன பெரியம்மாவுடையது என்றாள் சோவ். சவப்பெட்டியை மூடும் முன் அங்கியிலிருந்து பிரித்தது. பதவி உயர்ந்ததும் கொக்கு வைத்துத் திருப்பித் தருவதாக அய்யா பிணத்திடம் சொல்லியிருந்தார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பான் சிரித்தார். "கடலும் மேகமும் எல்லாப் படிக்கும் ஒண்ணுதான். பறவை மட்டும் மாறினாப் போதும். இதுக்குப் போய் யாராவது புதுசு வாங்குவாங்களா?"

மறுநாள் காலை கொக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

இரு புறமும் ஒரே மாதிரி பூவேலை செய்த பறவை அது. தூக்கக் கலக்கத்தில் புரட்டி வைத்துவிட்டேன் போல என்று சோவ் பிரித்துத் தைத்தாள். சதுரத்தைத் தைத்த அங்கியை லியான்சின் போட்டுக்கொண்டாள். பட்டு மார்பில் பட்ட இடம் சில்லென்றிருந்தது. பிறகு அந்தச் சில்லிப்பும் தெரியவில்லை.

ஓவியர் தூரிகையை எடுத்தவர் தயங்கினார்.

"அம்மா, உங்க கொக்கு அய்யாவைப் பாக்கலியே."

அவள் குனிந்து பார்க்கவில்லை.

தையலைச் சரிபார்க்க சோவ் ஊசியோடு வந்தாள். ஊசி துணியைத் தாண்டி இறங்கியது. லியான்சினுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊசியை வெளியே இழுத்தபோது நுனியில் ரத்தம் இருந்தது.

"வலிக்கலியாம்மா?" சோவ் கிசுகிசுத்தாள்.

"இல்ல."

மரத்துப்போன இடம் சரியாகச் சதுரமாக இருந்தது. அன்று மாலை அது தோள்வரை பரவியது. இந்தச் சதுரத்தைப் பெரியம்மாவிடமே கொடுத்துவிடலாமா என்று லியான்சின் கேட்டுப்பார்த்தாள். படம் முடியட்டும் என்றார் பான். அதற்குள் மூச்சு உள்ளே போகிறதா என்பதே அவளுக்குத் தெரியாமல் போனது.

அவரிடம் சொல்லாமல் சோவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அரக்கு பூசிய சவப்பெட்டியின் முன் அந்தப் பட்டுச் சதுரத்தைக் கொளுத்தினார்கள். இறந்தவர்களுக்குப் போய்ச் சேர அதுதான் வழி. முதலில் அலைகள் எரிந்தன. பிறகு மேகம். கொக்கு கடைசிவரை தலையைத் திருப்பவில்லை.

"வாங்கிக்கங்க பெரியம்மா," என்றாள் சோவ். "சின்னவங்கள விட்ருங்க."

தீ விரலைத் தொட்டது. லியான்சின் கையை இழுக்கவில்லை. சோவ்தான் தட்டிவிட்டாள்.

வீடு திரும்பி உடை மாற்றும்போது சோவ் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

லியான்சின் கண்ணாடியில் பார்த்தாள். மார்பில் சதுரமாக ஊசித்துளைகள். பொடிப்பொடியாக, நெருக்கமாக, நல்ல கைவேலை. மேலே ஒரு சூரியன். கீழே வரிவரியாக அலைகள்.

நடுவில் மட்டும் பறவைக்கு இடம் விட்டிருந்தது.