மேடென்று வரைந்த பள்ளம்

மழை வரும் என்று தெரிந்தும் குடையை ஆபீசிலேயே மறந்துவிட்டு வந்தவளை என்ன சொல்ல? துப்பட்டாவால் தலையை மூடாமல், கையிலிருந்த காகிதச் சுருளை மூடிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடி வந்தாள் புஷ்பா. எதிரே ஒருவன், நிலம் அளக்கும் நீளக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். கோல் திரும்பியது... சுருள் பறந்தது.

சேற்றில் விழுவதற்குள் அவன் அதைப் பிடித்துவிட்டான். ஆனாலும் அவள் விடவில்லை. கண் தெரியவில்லையா என்று ஆரம்பித்தாள். இது பாழானால் தன் வேலை போய்விடும், தங்கள் வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் தான்தான் என்பது வரை கொட்டித் தீர்த்தாள்.

அவனோ சட்டையின் நனையாத ஓரத்தைத் தேடி சுருளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இமைகளில் மழைத்துளி. திட்டு வாங்கும்போதும் சிரிக்கிற கண்கள்... புஷ்பாவுக்கு அடுத்த வசவு மறந்துபோனது.

சுருளின் மேல் எழுதியிருந்ததைப் படித்த அவன், "இது எங்க எடம் மேடம்" என்றான்.

இருவருக்கும் ஒரே தொண்டு நிறுவனத்தில்தான் வேலை, நேரில் பார்ப்பது அன்றுதான். அவள் இரண்டு மாதத்துக்கு முன் ஆபீசில் வரைபடம் வரையச் சேர்ந்தவள். அவன் பெயர் வேதகிரி, மூன்று வருடமாக வெயிலில் அளவுகோல் பிடிப்பவன். அவன் பிறந்த இருளர் குடியிருப்புக்குத்தான் இருபத்தாறு வீடு கட்டப் போகிறார்கள். நாளைக் காலை அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். இடத்தைக் காட்டுவது புஷ்பாவின் வரைபடம்.

"இந்தக் கோடெல்லாம் இன்னா மேடம்?" என்று அவன் கேட்டதும் கோபம் போய்விட்டது. பி.ஏ. புவியியல் படித்தவளிடம் கேட்கக் கூடாத கேள்வியா அது! சிமெண்ட் பெஞ்சில் படத்தை விரித்தாள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்தால் ஒரு கோடு. கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகி இருந்தால் மெல்லிய சரிவு. கோடு வட்டமாக மூடிக்கொண்டு, உள்ளே போகப் போக எண் ஏறினால் மேடு... இறங்கினால் பள்ளம். இதோ, இந்த வட்டத்தில் எண் ஏறுகிறது. நல்ல மேடு. வெள்ளம் வராது, வீடுகள் இங்கேதான்.

அவன் வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

"அது பள்ளம் மேடம். போன ஐப்பசில அங்க இடுப்பளவு தண்ணி."

நீங்கள் பிடித்த கோலில் படித்த எண்தானே, நடுவில் மூன்று மீட்டர் நாற்பது, ஓரத்தில் ஒரு மீட்டர் இருபது என்றாள் அவள்.

"அளக்குற கருவி ஒரே மட்டத்துல தான பாக்குது? கோலை மேட்டுல வெச்சா அதோட பார்வை கோலு அடியிலயே பட்டுடும், நம்பர் கம்மி. பள்ளத்துல வெச்சாத்தான் நம்பர் ஏறும்."

புஷ்பாவின் முகம் சிவந்தது. "மூணு வருஷம் காலேஜ்ல படிச்சிருக்கேன். கோல் பிடிக்கிறவர் எனக்குச் சொல்லித்தர வேணாம்."

அவன் கண்களில் இருந்த சிரிப்பு போய்விட்டது. படத்தைப் பதமாகச் சுருட்டிக் கொடுத்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தபோதே தெரிந்துவிட்டது. அவன் சொன்னதுதான் சரி. கல்லூரியில் அவள் பார்த்த படங்களில் உயரம் தயாராக அச்சாகியிருக்கும். கோலில் படித்த எண்களைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தை இந்த வேலைக்கு வருமுன் அவள் கண்ணால் கண்டதில்லை. கோலில் படித்த எண்ணையே உயரம் என்று நினைத்து... மேடெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் மேடு! இன்ஜினியர் கலைச்செல்வனும் அவளை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அடுத்த மழையில் இருபத்தாறு வீடு மூழ்கும்... வேலைக்குப் பயப்படும் தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை குடியிருப்பை ஒட்டிய ஏரிக்கரையில் வேதகிரி அவளுக்கு முன்பே நின்றிருந்தான். அவள் வாய் திறப்பதற்குள், "நீங்க பேசாம இருங்க மேடம்" என்றான் தணிந்த குரலில். "கோலைத் தலைகீயா புடிச்சிட்டேன்னு நான் சொல்லிடறேன். அப்பிடிப் புடிச்சா நம்பர் எல்லாம் மாறித்தான் வரும். சார் நம்பிடுவாரு."

"உங்க வேலை?"

"எனக்குக் கயனில நடவு வேலை கீது. உங்க வூட்டுல நீங்க ஒருத்தர் தான..."

நேற்று தான் திட்டியதில் அதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறான்! அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

குடியிருப்பே கூடியது. சுண்ணாம்பு வாளி இறங்கியது. கலைச்செல்வன் படத்தை விரித்தார். வேதகிரி ஓரடி முன்னே வந்து, "சார், தப்பு என்னுது... கோலை..." என்று ஆரம்பித்தான்.

"இல்ல சார்." புஷ்பா அவனைத் தாண்டி முன்னே வந்தாள். "அவர் சரியாத்தான் பிடிச்சார். எனக்குத்தான் அளவுப் புத்தகம் படிக்கத் தெரியல. தெரிஞ்ச மாதிரி வரைஞ்சுட்டேன். இது பள்ளம் சார்."

கலைச்செல்வன் படத்தையும் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்ட தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டார். மூன்று நாளில் புதுப்படம் வேண்டும், அதுவும் வேதகிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைய வேண்டும், உன் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கூட்டம் கலைந்தது. தூறல் விழுந்தது. இருவரும் கரைமேல் நடந்தார்கள். மூன்று நாள் கழித்து வேலை இருக்குமோ இருக்காதோ... ஆனால் மனசு லேசாக இருந்தது.

"ஏன் எனக்காகப் பொய் சொல்ல வந்தீங்க?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எட்டாவதோட நின்னவன் மேடம் நான். எனக்கு யாரும் அப்பிடிப் படத்தை விரிச்சு, கோடு கோடா காட்டிச் சொன்னதில்ல. அப்பவே மனசு உங்க பின்னால வந்துட்ச்சு... இது பெரிய தப்புன்னு தெரியும்."

புஷ்பா நின்றாள். ஆபீசுக்கென்று அவள் பேசிப் பழகிய தமிழ் அந்த மழையில் காணாமல் போனது.

"அத்தினி பேர் முன்னால ஒரு நெசத்தைச் சொல்லிட்டேன். உன் ஒருத்தன்கிட்ட இன்னொண்ணு சொல்றதுக்கு இவ்ளோ பயமா கீது..." என்றாள். "எனக்கும் உன்னைப் புடிச்சிருக்கு வேதகிரி. எங்கப்பா கேக்கட்டும், ஊரே கேக்கட்டும்... அவங்ககிட்டயும் நானே சொல்றேன்."