எதிரே வந்தவள்

சனிக்கிழமை காலை கணவன் யதிராஜன் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்ததுமே சத்யபாமா கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவன் கையில் பாராயணப் புஸ்தகத்தைச் சுற்றிவைக்கும் சிவப்புப் பட்டுத்துணி. துணிக்குள்ளே... கதைப் புஸ்தகம்!

"யாருடி இதைச் சுத்தி வெச்சது? தேசிகன் ஆத்துல பாராயணத்துக்குப் பத்துப் பேர் கண்ணை மூடிண்டு ஒக்காந்திருக்கா... நான் துணியைப் பிரிச்சு, 'ராஜம் கண்ணாடி முன் நின்றாள்'னு ராகத்தோட ஆரம்பிச்சுட்டேன்! ஹைஸ்கூல் வாத்தியார் மானம் கப்பலேறிடுத்து!"

மாமியார் செண்பகவல்லி பதறி ஓடி வந்தாள். "பாராயணப் புஸ்தகம் வெக்கற பெருமாள் பலகையிலயா கதைப் புஸ்தகம்? ராமா ராமா!"

காலமான பெரிய எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைகளையெல்லாம் சேர்த்துப் போட்ட தொகுதி அது. போன தை மாதம் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு வளையல் வாங்கப் போன சத்யபாமா, வளையலை விட்டுவிட்டு அதை வாங்கி வந்தாள். தனக்காக அல்ல, நாத்தனார் வைஜயந்திக்காக. பதினைந்து வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். ஏழு வருஷமாகப் பின்கட்டுதான் அவள் உலகம். பாராயணப் புஸ்தகம் தவிர வேறெதையும் அவள் தொடக் கூடாது என்பது செண்பகவல்லியின் சட்டம். அதனால்தான் அந்தப் பட்டுத்துணி! மாமியார் கண்ணயர்ந்ததும் வைஜயந்தி மெல்லிய குரலில் வாசிப்பாள். சத்யபாமா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். சிரிப்பார்கள், அழுவார்கள். அந்த ஒரு மணி நேரந்தான் வைஜயந்தி இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக இருந்தாள். நேற்று வாசித்து முடித்ததும் துணியைப் பழையபடி பாராயணப் புஸ்தகத்துக்கு மாற்றிச் சுற்ற மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் புஸ்தகம் அடுப்புக்குப் போகும். வைஜயந்திக்கு அந்த ஒரு மணி நேரமும் இல்லாமல் போய்விடும்.

"நான்தான்... நான்தான் படிச்சேன்."

"படிச்சியா? அப்போ பொறந்தாத்துக்குக் கிளம்பு! துறையூர்ல ஒக்காந்து நன்னா படி!"

"ஏன்னா... பன்னெண்டு வருஷமா இந்த ஆத்துக்குன்னு தேஞ்சேனே... ஒரு புஸ்தகத்துக்காகவா என்னைத் தள்ளி வெக்கறேள்?" கண்ணீர் கொட்டியது. யதிராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சமாதானம் சொல்ல மாமனாரும் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார்.

அரை மணியில் வாசலில் ஜட்கா வந்து நின்றது.

அந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் வைஜயந்தி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். கைம்பெண் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காதாம்! தப்பித்தவறி வந்துவிட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து தீர்த்தம் குடித்து உட்கார்ந்துவிட வேண்டும். பெற்ற பெண்ணாயிற்றே என்றுகூட செண்பகவல்லி பார்த்ததில்லை. என்ன மனசோ!

பெட்டியோடு சத்யபாமா படியிறங்கினாள். சந்து வழியாக ஓடி வந்து, குதிரைக்கு முன்னால், நட்டநடு வீதியில் நின்றாள்... வைஜயந்தி!

"அடிப்பாவி! உள்ளே போடி!" செண்பகவல்லி அலறினாள்.

"மாட்டேம்மா. எதிர்ல வந்துட்டேன். மன்னி இன்னிக்குப் போகப்படாது. உன் சட்டந்தானே?" அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, படிச்சது நான். மன்னிக்கு 'அ'னாகூடத் தெரியாது. ஊர்க் கொழந்தைகளுக்கெல்லாம் சொல்லித் தரே... ஆத்துக்காரிக்கு ஒரு எழுத்து சொல்லிக் குடுத்திருக்கியா?"

யதிராஜனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மனைவிக்குப் படிக்கத் தெரியாது என்பதைக் கோபத்தில் அவன் மறந்தே போயிருந்தான். கணவன் மறக்கிற விஷயமா அது?

செண்பகவல்லி வெயிலில் வெறுங்காலோடு நின்ற மகளையே பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"பாமா... உள்ளே வாம்மா. தீர்த்தம் சாப்ட்டுட்டு ஒக்காரு. வைஜி, நீயும் வாடி... கால் சுடப்போறது."

யதிராஜன் பெட்டியைத் தானே உள்ளே தூக்கிப்போனான். திரும்பி வாசலுக்கு வந்து கதைப் புஸ்தகத்தைத் தங்கையிடம் நீட்டினான். மேலே துணி இல்லை.

"கூடத்துலயே ஒக்காந்து வாசி. மன்னிக்கு எழுத்தும் சொல்லிக் குடு... இல்லே, நானே சொல்லிக் குடுக்கறேன்."

சத்யபாமா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வாசலென்றும் பாராமல் நாத்தனாரை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வைஜி... இனிமே நான் எங்கே கிளம்பினாலும் நீதாண்டி எதிர்ல வந்து நிக்கணும்!"