பெயர் சொல்லும் இடம்

அகராதிக்காரி மகளோடு அந்தப் பழைய வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது மதியம் இரண்டு மணி. பள்ளிக்கூடம் விடுமுறை. அந்த ஏழு வயது வாலைத் தனியாக விட்டு வந்தால் வீடு வீடாக இருக்காது. ஒரே ஒரு சொல்லுக்காக இவ்வளவு தூரம் அலைவதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. லூவியம் என்றொரு மொழி. அதைப் பேச ஆளில்லாமல் போய் இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் ஆகிறது. அதில் தீட்டைக் குறிக்கும் சொல்லுக்குப் பொருளும் பிறப்பும் எழுதிவிட்டால் அகராதி அச்சுக்குப் போய்விடும். அதை எழுதாமலே கண்ணை மூடிவிட்டார், அகராதியைத் தொடங்கிய பேராசிரியர்.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. அந்தப் புழுக்கத்திலும் இரண்டு கைகளிலும் தோள் வரை துணி உறை போட்டிருந்தார்.

"அட்டையெல்லாம் மேசை மேல இருக்கு. சத்தமா படிச்சுப் பாருங்க. அவரும் அப்படித்தான் படிப்பாரு."

அகராதிக்காரியின் வழக்கமும் அதுதான். முதல் அட்டையில், களிமண் பலகையிலிருந்து பார்த்து எழுதிய ஒரு சடங்கு வாசகம் இருந்தது. நடுவில் தீட்டுப் பட்டவரின் பெயரைச் சொல்ல ஓர் இடம் காலி. பெயர் போடாமல் படித்தால் வரி நொண்டும். மடியில் வந்து உட்கார்ந்த மகளைச் சீண்டுவதற்காக அவள் பெயரையே போட்டுப் படித்தாள்.

மகள் கிளுக்கென்று சிரித்தாள். "இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாள்.

ஈரச் சாம்பல் வாடை அடித்தது.

மகளின் நகங்களுக்கு அடியில் கறுப்பாக ஏதோ இருந்தது. மை என்று நினைத்துக் கழுவிவர அனுப்பினாள். குழாய் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை.

"அம்மா, போக மாட்டேங்குது."

மணிக்கட்டு வரை கறுத்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மேலே ஏறியது.

மேசைக்கு ஓடி அட்டைகளைக் கொட்டினாள். கடைசி அட்டையில் பேராசிரியரின் குறிப்பு இருந்தது.

'பொருள்: அழுக்கு என்று எழுதியது தவறு. அழுக்கு கழுவினால் போகும். இது, யார் பெயரைச் சொல்கிறோமோ அவரிடம் போகும். மார்பை எட்டினால் மூச்சு நிற்கும் என்கிறது பலகை. பிறப்பு: தெரியவில்லை. விரட்டும் வாசகம் இருந்த கீழ்ப்பாதி உடைந்துவிட்டது.'

வாசற்படியில் பேராசிரியரின் மனைவி உறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கைகள் சுத்தமாக இருந்தன.

"என் பேரைப் போட்டுத்தான் படிச்சாரு," என்று கிசுகிசுத்தார். "விஷயம் புரிஞ்ச அன்னிக்கே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாரு. பதினோரு வருஷமா என் கையில கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு. எனக்கு அந்த மொழி வாசிக்க வராது, படிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் காத்திருந்தேன். நீங்க குழந்தையோட வருவீங்கன்னு தெரியாதும்மா."

திட்டுவதற்கு நேரமில்லை. மகளுக்கு முழங்கை தாண்டிவிட்டது. பெரியவர்களுக்குப் பதினோரு வருடம் எங்கே, குழந்தைக்குப் பத்து நிமிடம் எங்கே.

அகராதிக்காரி தன் பெயரைப் போட்டுப் படித்தாள்.

மகளின் கை வெளுத்தது. அகராதிக்காரியின் விரல்கள் சில்லிட்டுக் கறுத்தன. இருக்கட்டும், தனக்கு வருடக்கணக்கில் நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். அவ்வளவு பயத்திலும் பெரிய நிம்மதியாக இருந்தது. இனி ஒருவரும் படிக்கக் கூடாது என்று எல்லா அட்டைகளையும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டுத்தான் காரை எடுத்தாள்.

பின்சீட்டிலிருந்து மகள் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடா கண்ணு. நீ தூங்கு."

கார் பெரிய சாலையில் ஏறியது.

பிறகு அந்த வரி கேட்டது. சின்னக் குரலில், ஓர் எழுத்துப் பிசகாமல். பெயர் சொல்லும் இடத்தில் மகள் தன் பெயரைப் போட்டிருந்தாள்.

ஸ்டியரிங்கில் இருந்த கைகள் கறுப்பு நீங்கி வெளுத்தன. வண்டியை ஓரங்கட்டித் திரும்பினாள். வாயைத் திறந்தாள். பார்த்தே படித்துப் பழகியவளுக்கு முதல் சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

"அதை அம்மாவுக்கு இன்னொரு தடவை சொல்லு கண்ணு. மெதுவா."

"சொல்ல மாட்டேன்," என்றாள் மகள். "நீ திருப்பி எடுத்துப்ப."

அவள் சட்டைக் கைக்குள் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது.