பனை வீழ்த்திய ஏனாதி

மேற்கே இரட்டைக் குன்றின் பின்னால் கதிரவன் சாய்ந்துகொண்டிருந்தான். அவன் வாரி இறைத்த குங்குமச் செம்மை சங்குமுனைக் கோட்டையின் மதில்களிலும், துர்க்கையம்மன் ஆலயக் கோபுரத்திலும், கீழ்க்கடலின் அலைகளிலும் படிந்து, நாற்பது நாள் முற்றுகையில் பசித்துக் கிடந்த அந்தக் கோட்டைக்குக்கூட ஒரு கணம் திருவிழாக் கோலம் பூட்டியது. கரை மெல்லிய கோடாகத் தெரியும் தொலைவில் ஒரு கட்டுமரம் தனியே ஆடிக்கொண்டிருந்தது.

அதன் முன்தலையில் துடுப்போடு அமர்ந்திருந்தவனைக் கண்டால், வாசகர்களே, அரண்மனை ஏவலாள் என்றே எண்ணியிருப்பீர்கள். அழுக்கேறிய அரைத்துணி, தலையில் முண்டாசு, ஒவ்வோர் அலைக்கும் குமட்டிக்கொண்டு வரும் வயிறு. ஆனால் அவன்தான் சங்குமுனைப் படைகளின் தலைவன் ஏனாதி எயினன். பின்தலையில் இருந்த ஆழியாளுக்கு அது தெரியாது.

கோட்டைக்கு எஞ்சியிருந்த ஒரே வழி கடல்வாயில். அதன் வழியே சென்ற கடலோடிகள், அம்மாள் பார் என்னும் நீரடிப் பாறைத்திட்டில் பிடித்துவந்த மீனால்தான் ஊர் உயிர் வாழ்ந்தது. பத்து நாளாக அந்த மீன் வரவில்லை. பகைவர் பாசறைக்கு விற்றுவிடுகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. கடலோடிகளின் தலைவன் கொற்றனை அவையில் நிறுத்தி விசாரித்தபோது அவன் சொன்னது ஒன்றே: "பனைய வெட்டிட்டீங்க, சாமி. பார் தொலைஞ்சு போச்சு."

கரையில் நின்ற பனைக்கும் கடலில் வாழும் மீனுக்கும் என்ன உறவு? அவை நகைத்தது. முதலில் நகைத்தவன் எயினன். பன்னிரண்டு கடலோடிகளைச் சிறையில் அடைத்து, இன்று நிலவு எழும் வேளையில் கொற்றனுக்கும் நாளை மற்றவர்களுக்கும் மரண தண்டனை என்ற ஓலையில் தன் முத்திரையையும் பதித்தான்.

"கண்ணால் காணாத குற்றத்துக்கு முத்திரை இட்டுவிட்டீர், ஏனாதியாரே!" என்றாள் இளவரசி ஆரநங்கை. கோட்டையைக் காத்துத் தந்தால் அவளை அவனுக்கு மணமுடித்துத் தருவதாக மன்னர் வாக்களித்திருந்தார். "கொற்றனின் மனைவி ஆழியாள், பார் தொலைந்ததை மெய்ப்பிக்கக் கடலுக்குப் போகத் துணை கேட்டு நிற்கிறாள். ஏவலாள் கோலத்தில் நீரே சென்று பாரும்."

நிலவு எழுமுன் திரும்பிவிடலாம், அவர்களின் பொய்யையும் கையோடு பிடித்துவிடலாம் என்றெண்ணியே எயினன் புறப்பட்டான்.

இடுப்பில் மீன்கத்தி செருகியிருந்த ஆழியாள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். கயிறு தளர்ந்ததும் இழுத்து, இரு கைகளையும் விரித்து விரித்து அளந்தாள். குண்டின் அடியில் அப்பியிருந்த மெழுகைத் தடவி முகர்ந்தாள்.

"பதினெட்டு பாகம். சேறு."

"அப்படியென்றால்?"

"பார் மேல நின்னா பதினொரு பாகந்தான் இருக்கும். மெழுகுல சிப்பித்தூள் ஒட்டும். இது வெறுங்கடல், அரமனையாரே."

ஏழாவது முறையாக அவள் அதையே சொன்னாள்.

"இத்தனை காலம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றான் எயினன். குரலில் ஏளனம் முழுவதும் வடிந்துவிடவில்லை.

ஆழியாள் கரையைக் காட்டினாள். "அந்தா கோபுரத்தப் பாருங்க. ரெண்டு குன்றுக்கும் நடுவுல பிளவு தெரியுதில்ல? கோபுரம் அதுக்குள்ள உக்காந்திருக்கு. ஒரு கோடு சரி. இந்தக் கோட்டுலயே போனா ஈழத்துக்கும் போயிரலாம். எங்க நிக்கணும்னு சொல்ல இன்னொரு கோடு வேணும். தெக்க அந்த வெள்ளை மணல்மேடு இருக்கே, அதுக்கு முன்னால நெட்டைப்பனை ஒண்ணு நின்னுச்சு. மேட்டு உச்சியும் பனையும் ஒண்ணாச் சேர்ற இடந்தான் அம்மாள் பார்."

எயினன் தெற்கே பார்த்தான். மணல்மேடு வெண்மையாக நீண்டு கிடந்தது. அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. வடக்கு வாயிலுக்குப் பின்னால் தடுப்புவேலி கட்ட அந்தக் கரையின் பனைகளை ஒன்றுவிடாமல் வெட்டச் சொன்னவன் அவனே. ஒரே நாளில் வேலி எழுந்ததற்காக மன்னர் அவனைத் தழுவிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

"கோயில் குளத்தளவு பாரை இம்மாங் கடல்ல தடவித் தேட முடியுமா?" என்றாள் ஆழியாள். "அந்த ஒண்ண மட்டும் விட்டுருங்கன்னு எங்க வீட்டுக்காரரு வெட்ட வந்தவங்க கால்ல விழுந்தாரு. ஏனாதி உத்தரவுன்னு உதைச்சுத் தள்ளிட்டாங்க."

எயினன் துடுப்பை நீரில் அழுத்தினான். "திருப்பு! கரைக்குத் திருப்பு, பெண்ணே!"

அவனுடைய பதற்றம் அவளையும் பற்றிக்கொண்டது. இருவரும் வலித்தார்கள். ஆனால் மாலைக் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசத் தொடங்கியிருந்தது. நான்கு முறை வலித்து முன்னேறினால் ஓர் அலை மூன்று முறையின் பயனைப் பறித்துக்கொண்டது. பதினாயிரம் வீரரை ஒரு விரலசைவில் நடத்தியவன், உள்ளங்கைகள் தோலுரிய வலித்தும் கோபுரத்தை ஒரு சாண்கூடப் பெரிதாக்க முடியாமல் தவித்தான். எழுந்து நின்று, "நிறுத்துங்கள்!" என்று கூவினான். காற்று அந்தச் சொல்லைப் பிடுங்கி அவன் முதுகுக்குப் பின்னே எறிந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயினும் கோபுரத்தின் மேல் படிந்திருந்த செம்மை வெளிறி, அவன் கையிலிருந்த துடுப்பின் மீது வெள்ளொளி மெல்ல ஏறியது. கீழ்க்கடலிலிருந்து முழுமதி எழுந்துவிட்டது.

கரையிலிருந்து கொலைப்பறை மூன்று முறை அதிர்ந்தது.

ஆழியாளின் துடுப்பு நின்றது.

எயினன் முண்டாசை அவிழ்த்து, மடியிலிருந்த முத்திரை மோதிரத்தை எடுத்து அவள் முன் வைத்தான். "நான் ஏவலாள் அல்லன். ஏனாதி எயினன். பனையை வீழ்த்தியவன் நானே. உன் கணவனின் ஓலையில் பதிந்தது இந்த முத்திரைதான். உன்னிடம் கத்தி இருக்கிறது. நான் தடுக்கமாட்டேன்."



"உங்க உசிர வச்சு நான் என்ன செய்ய?" என்றாள் ஆழியாள். "அது அவரக் கொண்டு வருமா? உள்ள இன்னும் பதினோரு பேரு இருக்காங்க."

எயினன் கடல்நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டான். "துர்க்கையம்மன் ஆணை! கோட்டை பசித்தது என் மடமையால் என்று மன்னர் அவையில் நானே உரைப்பேன். படைத்தலைமை போகட்டும், இளவரசியும் எனக்கு இல்லையென்று ஆகட்டும். அந்தப் பதினொருவரில் ஒருவர் தலை விழுவதானால், அதற்கு முன் விழுவது என் தலையாக இருக்கும்!"

ஆழியாள் மோதிரத்தைத் தொடவில்லை. "அத அங்க வந்து சொல்லுங்க," என்றாள். "இப்ப துடுப்பப் போடுங்க."

தோலுரிந்த கைகளால் எயினன் துடுப்பைப் பற்றினான். எதிர்காற்று இன்னும் ஓயவில்லை.