உறை உரித்த மாத்திரை

"ஐயோ... லோரித்தா!"

கொரோகா நகர ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அந்தத் தாய் விழுந்து புரண்டாள்.

உள்ளே வெள்ளைத் துணிக்கு அடியில் அவள் மகள். பத்தொன்பது வயது! காப்பித் தோட்டத்தில் மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

"தம்பி... என் பொண்ணைக் கொன்னவங்களை நீதாண்டா பிடிக்கணும்!"

தம்பி, சார்ஜெண்ட் சினாக்கே. செத்தவளுக்குத் தாய்மாமன். தோளில் தூக்கி வளர்த்தவர்.

"பிடிக்கிறேன்க்கா. இன்னைக்கே பிடிக்கிறேன்."

லோரித்தாவின் நூல் பையில் காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதில் ஒரு வெள்ளை மாத்திரை. உறை இல்லை.

டாக்டர் காவுப்பா வெளியே வந்தார்.

"விஷமா டாக்டர்?"

"இல்லை சார். வயித்துப் புண்ணுக்குக் குடுக்கிற மாத்திரை. கருப்பையை இறுக்கிச் சுருங்க வைக்கும்... கரு வெளிய வந்துடும். ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா அவ பிழைச்சிருப்பா."

"செய்யலையா?"

"எப்படிச் செய்யும்? நம்ம ஊர் ஈரக்காத்துல அலுமினிய உறை இல்லாம கிடந்தா கொஞ்ச நாள்ல வீரியம் போயிடும். மாத்திரை கேக்கலைன்னதும் பயந்துபோய் ஏதோ வேரை அரைச்சுக் குடிச்சிருக்கா. அதுதான் கொன்னுடுச்சு. கூட வந்த சிநேகிதி எல்லாத்தையும் சொல்லிட்டா."

"நேரா இங்க வந்திருக்கலாமே டாக்டர்!"

"கருவைக் கலைச்சா இந்த நாட்டுல குத்தமாச்சே... வந்தா நீங்க கேஸ் போடுவீங்களே!"

சினாக்கே பல்லைக் கடித்தார்.

"வித்தது யாரு?"

"மார்க்கெட்ல பாக்கு விக்கிற வெரோனா."

பத்தே நிமிடம். ஜீப் மார்க்கெட்டில் போய் நின்றது.

"லோரித்தா செத்துட்டா!"

வெரோனாவின் கையிலிருந்த பாக்கு நழுவியது.

"ஐயோ... அந்தச் சின்னப் பொண்ணா?"

"நடிக்காத! சிகரெட்டை ஒண்ணு ஒண்ணா விக்கிற, பாக்கை ஒண்ணு ஒண்ணா விக்கிற... மாத்திரையையுமா உரிச்சு உதிரியா விப்ப? என் அக்கா பொண்ணைக் கொன்னுட்டியே!"

"உதிரியா வித்தாலும் உறையோட கத்தரிச்சுத்தான் சார் குடுப்பேன். எட்டு வருஷமா அப்படித்தான். கேக்கலைன்னு ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை."

"அப்புறம் எதுக்குடி உரிச்ச?"

வெரோனா நிமிர்ந்தாள். கண்களில் நீர்.

"போன மாசம் இதே இடத்துல மைக்கைப் பிடிச்சது யாரு சார்? 'எவ கூடையில மாத்திரை உறை சிக்கினாலும் ஜெயில்தான்!'னு கத்தினது யாரு? மாத்திரை பேரு உறையிலதான இருக்கு... அன்னைக்கே மார்க்கெட்ல எல்லாரும் உறையை உரிச்சுத் தூக்கிப் போட்டுட்டோம்."



அந்தக் கூட்டத்தில் லோரித்தாவும் நின்றிருந்தாள். ஊரே கை தட்டியது. அவள் மட்டும் தட்டவில்லை. மாமா அதைக் கவனிக்கவில்லை. பாவி மனிதர், கவனித்திருக்கலாம்!

சினாக்கே விலங்கை எடுத்தார்.

வெரோனா ஒரே ஒரு கையை நீட்டினாள்.

"இதுல ரெண்டு வளையம் இருக்குல்ல சார்? எனக்கு ஒண்ணு போதும்... இன்னொண்ணுல உங்க கையை விடுங்க!"