மாப்பிள்ளையின் நாற்பதாம் நாள்

காலை ஒன்பது மணி. அல்மாட்டி.

"ஐயோ, என் ரத்தமே! என் கண்ணே!"

வாசலிலிருந்தே ஓலமிட்டபடி ஐந்து பேர் பாய்ந்து வந்தார்கள். சாவு வீட்டுக்குக் கசாக் ஆண்கள் அப்படித்தான் வருவார்கள்.

கதவைத் திறந்தது, செத்தவனேதான்!

வாயில் பிரஷ், உதட்டில் நுரை. மிராஸ். நாளை மறுநாள் அவனுக்குக் கல்யாணம்.

முன்னால் வந்த தாய்மாமன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். "டேய்... நீ சாகலியா?"

"இன்னும் டீயே குடிக்கல மாமா!"

உள்ளேயிருந்து ஓடிவந்தார் அப்பா செய்த்காலி. கல்யாண விருந்துக் கறிக்குக் குதிரை வாங்க தால்திகொர்கான் ஊருக்குப் போய், வெறுங்கையோடு முந்தாநாள் திரும்பியவர். முகம் வெளுத்திருந்தது.

"யார்... யார் சொன்னது உங்களுக்கு?"

மாமா போனை நீட்டினார். கல்யாணம் நடக்கவிருந்த 'கெரெகே' மண்டபத்திலிருந்து மெயில். 'மறைந்த மிராஸின் நாற்பதாம் நாள் விருந்து அடுத்த மாதம். வாருங்கள்.' கல்யாணத்துக்கு அழைத்த அத்தனை பேருக்கும் அதே மெயில்!

சம்பந்தி போனில் குமுறினார். "மாப்பிள்ளை சாகணும்னு நினைக்கிற எதிரி இருக்கிற வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள அவன் யாருன்னு தெரியணும். இல்லேன்னா கல்யாணம் இல்ல!"

புகாரின் பேரில் போலீஸ் கேப்டன் ரௌஷான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, கம்ப்யூட்டர் பொறுப்பாளன் ஆர்சென் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"ஹேக் பண்ணிட்டாங்களா?"

"இல்லக்கா. வெளியாள் யாரும் நுழையல."

"மெயிலை எழுதினது?"

"தானா போனது. புக்கிங் ஒரு மென்பொருள், மெயில் அனுப்புறது இன்னொண்ணு. நடுவுல ஏபிஐ ஓடுது. இங்கே பதிவானதை அங்கே கொண்டுபோய்க் குடுக்கும்."

"ஆளை எப்படி அடையாளம் காணும்?"

"மெயில் முகவரியை வச்சு. ஒரே முகவரின்னா ஒரே ஆள்."

ரௌஷான் கவுன்ட்டர் பெண் பக்கம் திரும்பினாள். "நினைவு விருந்துக்குப் புக் பண்ணினது யாரு?"

"நேத்து ஒரு பெரியவர். 'இப்போதைக்குப் பேர் வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம்'னார். மெயில் கேட்டேன். மிராஸோட முகவரியை மனப்பாடமா ஒப்பிச்சார்."

ரௌஷான் கிளம்பிவிட்டாள்.

செய்த்காலியின் வீட்டில் சம்பந்தியும் காத்திருந்தார்.

"அந்தப் படுபாவியைப் பிடிச்சீங்களா?" செய்த்காலி கத்தினார்.

"பிடிச்சாச்சு. நீங்கதான்."

ரௌஷான் தொடர்ந்தாள்.

"பையன் உயிரோட முன்னால நிக்கிறான். வேற யாரா இருந்தாலும் 'என்ன உளர்றீங்க'ன்னு கேட்டிருப்பாங்க. நீங்க 'யார் சொன்னது'ன்னு கேட்டதா மாமா சொன்னார். நிஜமான சாவு ஒண்ணை மறைக்கிறவர்தான் அப்படிக் கேட்பார். தால்திகொர்கான் போனது குதிரைக்கு இல்ல, அடக்கத்துக்கு!"

செய்த்காலி தலைகுனிந்தார்.

"உங்களுக்கு மெயில் கிடையாது. எங்க கேட்டாலும் மகனோடதைச் சொல்ற பழக்கம். கவுன்ட்டர்லயும் அதையே சொன்னீங்க. ஏபிஐ பார்த்துச்சு. அந்த முகவரியில ஏற்கெனவே மிராஸ் இருக்கான். நீங்க பேர் குடுக்காததால, அவன் பேரையும் அவன் விருந்தாளிகளையும் எடுத்துக்கிச்சு."

சம்பந்தி நெஞ்சை நீவிக்கொண்டார். "அப்போ எதிரி யாருமில்ல. கல்யாணத்தை..."

"அப்பா." மிராஸின் குரல் உடைந்தது. "தால்திகொர்கான்ல... பெரியப்பாவா?"

தால்திகொர்கானில் இருந்த செய்த்காலியின் அண்ணன் ஒரின்பாய். பிறந்த கையோடு மிராஸை வாங்கி, தன் பிள்ளையாக வளர்த்தவர்.

"கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடினார்டா..."

மிராஸ் கோட்டை மாட்டினான். சம்பந்தி வாசலை மறித்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க மாப்பிள்ளை?"

"கல்லறைக்கு. கல்யாணம் உண்டா இல்லையா, நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

"பண்ணிட்டேன்." சம்பந்தி கார்ச் சாவியை எடுத்தார். "வண்டியை நான் ஓட்டறேன். வழியில பொண்ணையும் ஏத்திக்கலாம். மாமனாருக்கு மருமக முதல் வணக்கம் வைக்க வேண்டாமா?"